பேராசிரியர் பார்ன்ஸும் நம் சேலையூர்க் காடும்

நம் கல்லூரியின் பெரியவர்கள் யார் யார் என்று கேட்டால் எந்த பேட்ச்காரரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். 1837-இல் சிறு பள்ளியாகத் தொடங்கிய ஜான் ஆண்டர்சன். அதைத் தென்னிந்தியாவே திரும்பிப் பார்க்கும் கல்லூரியாக ஆக்கிய வில்லியம் மில்லர். தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது முதல்வராக இருந்த ஹாக். அவருக்குப் பின் 1938 முதல் 1956 வரை பதினெட்டு வருஷம் முதல்வர் நாற்காலியில் இருந்த பாய்ட். இந்த வரிசையில் வரவேண்டிய இன்னொருவர் எட்வர்ட் பார்ன்ஸ். பெயர் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் விடுதி ஒன்றுக்கே பார்ன்ஸ் ஹால் என்று பெயர். ஆனால் அவர் என்ன செய்தார் என்று கேட்டால், மரம் வைத்தவர் என்று சொல்லிவிட்டு நம்மில் பலர் டீ குடிக்கப் போய்விடுவோம்.

மரம் வைத்தவர்தான். ஆனால் கதை அவ்வளவு சின்னது இல்லை. நான் நம் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்துவிட்டு, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்து, இப்போது தண்ணீர் சுத்திகரிப்பு, பம்ப் என்று பிழைப்பு நடத்துகிறவன். தாவரவியலுக்கும் எனக்கும் தூரம். ஆனாலும் மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது பார்ன்ஸைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. பார்ன்ஸும் தாவரவியல்காரர் இல்லை. அவர் நம் டிபார்ட்மென்ட் ஆள். வேதியியல் பேராசிரியர்.

அவர் பிறந்தது 1892-இல். ஆங்கிலேயர். நம் கல்லூரி ஜார்ஜ் டவுனில், ஹைகோர்ட்டுக்கு எதிரே, வண்டிச் சத்தத்துக்கும் கடைத்தெருக் கூச்சலுக்கும் நடுவே இருந்த நாளிலேயே இங்கே வேதியியல் சொல்லிக் கொடுத்தவர். வகுப்பு முடிந்தால் டென்னிஸ் ஆடிவிட்டு, கோடை வந்தால் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்க் குளிர் காய்ந்துவிட்டு வருவது அந்தக் கால வெள்ளைக்காரப் பேராசிரியர்களின் வழக்கம். பார்ன்ஸும் மலைக்குப் போனார். ஆனால் அவர் போனது செடி தேடி.

வேதியியல்காரருக்குச் செடி எப்படிப் பிடித்தது என்று பலர் வியப்பார்கள். எனக்கு இதில் பெரிய வியப்பு இல்லை. நம் லேபில் குவாலிடேடிவ் அனாலிசிஸ் செய்தவர்களுக்கு விஷயம் சட்டென்று புரியும். கையில் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீரில் கரைகிறதா, இல்லையா? அமிலம் விட்டால் நுரைக்கிறதா, இல்லையா? கிப் அப்பரேட்டஸின் அழுகிய முட்டை நாற்றத்தை அனுப்பினால் கறுக்கிறதா, மஞ்சளாகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பெயர் வந்து நிற்கும். தாவரப் புத்தகத்திலும் இதே கதைதான். இலை எதிரெதிரா, மாற்றி மாற்றியா? இதழ் பிரிந்ததா, சேர்ந்ததா? சூல்பை மேலா, கீழா? படி படியாக இறங்கினால் அடியில் செடியின் பெயர். உப்புக்கு டெஸ்ட் ட்யூப், செடிக்கு லென்ஸ். அவ்வளவுதான் வித்தியாசம்.

பார்ன்ஸ் காலத்தில் நம் பக்கத்துச் செடிகளுக்கு இருந்த பெரிய புத்தகம், மெட்ராஸ் மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் எழுதத் தொடங்கியது. 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. கேம்பிள் 1925-இல் காலமாகிவிட, மிச்சத்தை முடித்துக் கொடுத்தவர் சி. இ. சி. ஃபிஷர். இவர் மெட்ராஸ் மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்து, பிறகு லண்டன் அருகே கியூ தாவரத் தோட்டத்துக்குப் போனவர். பார்ன்ஸின் வாழ்க்கையில் இந்த ஃபிஷர் முக்கியமான ஆள். இங்கே மலையில் ஒருவர், அங்கே கியூவில் ஒருவர் என்று இருவரும் சேர்ந்து, அந்தப் புத்தகத்தில் இடம்பெறாத செடிகளை உலகத்துக்கு அறிமுகம் செய்தார்கள்.

எந்தச் செடிகள் என்று பார்த்தால்தான் பார்ன்ஸின் கெட்டிக்காரத்தனம் தெரியும். அவர் முக்கியமாகப் பிடித்துக்கொண்டது இரண்டு கூட்டங்கள். ஒன்று காசித்தும்பை இனம். இம்பேஷியன்ஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். பொறுமையில்லாதது என்று அர்த்தம். பழுத்த காயைத் தொட்டால் போதும், பட்டென்று வெடித்து விதையைச் சிதறடிக்கும். சின்ன வயசில் எல்லோரும் விளையாடியிருப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் காசித்தும்பை வகைகள் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. பாதிக்கு மேல் உலகில் வேறெங்கும் கிடையாது. இரண்டாவது கூட்டம் அரிசீமா. நம் சேனைக்கிழங்குக்குச் சொந்தக்காரி. மழை தொடங்கியதும் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து எழும்பி, படமெடுத்த நாகம் மாதிரி ஒரு மடல் விரித்துப் பூக்கும்.

இந்த இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. சதை மிகுந்தவை. மற்றச் செடிகளைப் பிளாட்டிங் பேப்பருக்குள் வைத்து அழுத்திக் காயவைத்துக் கப்பலில் அனுப்பினால், கியூவில் இருப்பவர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். காசித்தும்பைப் பூவை அழுத்தினால் கசங்கிய டிஷ்யூ பேப்பர்தான் மிஞ்சும். அரிசீமாவின் மடலும் அப்படியே. நிறம் போய்விடும், வளைவு போய்விடும். ஆகவே இந்தச் செடிகளை அறிய வேண்டும் என்றால் யாராவது ஒருவர் மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, பூ பூத்த இடத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும். லண்டனில் இருக்கும் மேதையால் முடியாத காரியம், மெட்ராஸில் இருக்கும் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரால் முடியும். அந்த இடைவெளியில்தான் பார்ன்ஸ் நுழைந்தார்.

மூணாறு மலையின் பெயரைச் சூட்டி இம்பேஷியன்ஸ் முன்னாரென்சிஸ் என்ற காசித்தும்பையை அவர் விவரித்தார். அரிசீமா சிட்டகஸ் அவர் பெயரிட்டது. சிட்டகஸ் என்றால் கிளி. ஃபிஷரோடு சேர்ந்து அரிசீமா சாரசீனியாய்டஸ், அரிசீமா அட்டெனுவாட்டம் என்று இரண்டு. தாவரவியலில் ஒரு செடியின் பெயருக்குப் பின்னால் அதற்குப் பெயர் வைத்தவரின் பெயரையும் எழுதுவது மரபு. அதனால் இன்றைக்கும் உலகில் எந்த மூலையில் இந்தச் செடிகளைப் பற்றி எழுதினாலும் இ. பார்ன்ஸ் என்று போட்டாக வேண்டும். பதிலுக்கு ஃபிஷரும் சும்மா இருக்கவில்லை. ஒரு அரிசீமாவுக்கு பார்ன்ஸின் பெயரையே வைத்தார். ஒரு காசித்தும்பைக்கு பார்ன்ஸின் மனைவி ஆலிஸின் பெயரால் இம்பேஷியன்ஸ் அலிசியே என்று பெயர் சூட்டினார். மலையேறியது கணவர் மட்டும் இல்லை என்று அந்தப் பெயரே சொல்கிறது.

அரிசீமாவில் இன்னொரு விசேஷம். அது ஆண் செடியா பெண் செடியா என்பது பிறப்பில் முடிவாவதில்லை. கிழங்கு சின்னதாக இருக்கும் வருஷம் ஆண் பூ பூக்கும். நாலைந்து மழை பார்த்துக் கிழங்கு பெருத்தால் பெண் பூ பூத்துக் காய்க்கும். ஒரு வறட்சி வந்து கிழங்கு இளைத்தால் மறுபடி ஆண். கையில் சேமிப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் காய்க்கிற செலவில் இறங்கும். நம் வீட்டு பட்ஜெட் மாதிரி. இதை ஒரே நாளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்குத் தெரியாது. வருஷா வருஷம் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறவருக்குத்தான் தெரியும். செடியைப் பார்ப்பதற்கே பல வருஷம் வேண்டும் என்கிற இந்தப் பாடம்தான் பின்னால் தாம்பரத்தில் பார்ன்ஸுக்கு உதவியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இனி தாம்பரம். ஜார்ஜ் டவுனில் மூச்சுவிட இடமில்லை என்பதால் கல்லூரியை வெளியே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. 1931-இல் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜில் எலக்ட்ரிக் ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. அது இல்லாவிட்டால் அந்த நாளில் இவ்வளவு தூரத்துக்கு யார் வந்திருப்பார்கள்? சேலையூர்க் காட்டில் 350 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கிடைத்தது. சுவிட்சர்லாந்துக்காரரான ஹென்றி ஷாட்டி கட்டடங்களை வடிவமைத்தார். 1937 ஜனவரி 30-இல் கவர்னர் எர்ஸ்கின் பிரபு திறந்து வைத்தார். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மூன்று விடுதிகளோடு புதுக் குடித்தனம் தொடங்கியது.

காடு என்றதும் இன்றைக்கு நாம் பார்க்கிற நிழலைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. அன்றைக்கு இருந்தது வறண்ட முள்காடு. தலைமுறை தலைமுறையாக விறகுக்கு வெட்டி, ஆடு மாடு மேய்ந்து, மரமாக வேண்டியதெல்லாம் புதராகக் குறுகிப்போன நிலம். சூரைமுள், களா, காரை, காயா, உசில் என்று நம் கிழக்குக் கடற்கரை ஓரத்துக்கே உரிய உலர் பசுமைக்காட்டின் மிச்சம். மேலே சரளை, தோண்டினால் சுக்கான் போல இறுகிய மண். கட்டடத்தின் அழகைப் பார்க்க வந்தவர்கள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

இந்த இடத்தைப் பசுமையாக்கும் வேலையை எடுத்துச் செய்தவர்கள் எட்வர்ட் பார்ன்ஸும் ஆலிஸ் பார்ன்ஸும். வேறு ஊர்களிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் மர வகைகளைக் கொண்டுவந்து வளாகத்தில் நட்டு வளர்த்தார்கள். ஏற்கெனவே இருந்த முள்புதரை ஒரேயடியாக வழித்தெடுத்துவிட்டுப் புல்தரை போட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டடங்களைச் சுற்றியும் பாதை ஓரமும் நட்ட மரம், அதைத் தாண்டினால் பழைய புதர்க்காடு என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதால்தான் இன்று நம் வளாகம் பூங்காவாகவும் இருக்கிறது, காடாகவும் இருக்கிறது. புள்ளிமான் வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கிற கல்லூரி வேறெது சொல்லுங்கள்.

இந்த மண்ணில் மரம் வைப்பது என்ன பாடு என்று என் தொழிலில் எனக்குத் தெரியும். நம் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. கேட்க நிறையத்தான் இருக்கிறது. ஆனால் அதில் பெரும் பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். ஜனவரி தொடங்கி ஐந்தாறு மாசம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கன்றை ஐப்பசியில் நட்டால் அதற்கு வேர் பிடிக்கக் கிடைக்கிற நாள் நூறுகூட இல்லை. அதற்குள் அது சரளையைத் துளைத்து ஈரம் இருக்கிற ஆழத்துக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் சித்திரையில் குச்சி. அதனால் கடப்பாரை போட்டு ஆழக் குழி எடுத்து, செம்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்பி, முதல் மூன்று கோடைக்கு ஆளை வைத்து ஊற்ற வேண்டும். இன்றைக்கு சொட்டுநீர்க் குழாய் போட்டு டைமர் வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். 1937-இல் குடமும் கமலையும்தான்.

அந்த முதல் மூன்று நான்கு கோடைகள்தான் பார்ன்ஸுக்குக் கிடைத்தவை. 1939-இல் உலக யுத்தம் வந்தது. 1941-இல் பார்ன்ஸ் காலமானார். ஐம்பது வயதைத் தொடவில்லை. தாம்பரத்தில் அவர் வாழ்ந்தது மொத்தம் நாலு வருஷம் சொச்சம். அவர் நட்டவை அப்போது என்ன உயரம் இருந்திருக்கும்? நல்ல ஜாதி மரமாக இருந்தால் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம். அந்த நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரும் பாக்கியம்கூட அவருக்குக் கிடைத்திருக்காது. 1948-இல் கியூவில் நீலகிரிச் செடி ஒன்றுக்கு செரோபீஜியா பார்ன்சியை என்று பெயர் வைத்தார்கள். அதைப் பார்க்கவும் அவர் இல்லை. அந்தச் செடியின் பூ சின்ன கூஜா மாதிரி இருக்கும். உள்ளே போகிற ஈயைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, மகரந்தத்தை ஒட்டி அனுப்பும். நம் வளாகமும் கொஞ்சம் அந்த மாதிரிதான். மூன்று வருஷம் பிடித்து வைத்து, ஏதோ ஒன்றை ஒட்டித்தான் அனுப்புகிறது.

பார்ன்ஸின் கதை எனக்கு ஏன் முக்கியமாகப்படுகிறது என்பதற்கு ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். சில வருஷத்துக்கு முன் தென்சென்னைப் புறநகரில் ஒரு இடத்தில், தோட்டக்கலை படிக்கும் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டி நடந்தது. பம்பும் குழாயும் எங்கள் கம்பெனி கொடுத்தது. அதனால் நானும் காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கே இருந்தேன். பெண்களும் பையன்களுமாகப் பல ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். காலையில் செடி அடையாளம் காணும் போட்டி. நீள மேஜையில் வரிசையாகத் தட்டுகள். ஒன்றில் ஒரு இலை, ஒன்றில் ஒரு விதை, ஒன்றில் பட்டைத் துண்டு. நேரம் கொஞ்சம்தான். பெயர் எழுத வேண்டும். அடுத்து ஒட்டுக் கட்டுதல். மாங்கன்றில் ஆப்பு ஒட்டு, ரோஜாவில் மொட்டு ஒட்டு. கத்தியை ஒரே இழுப்பில் இழுத்துப் பட்டையோடு பட்டை பொருந்த வைத்துக் கட்டுகிற அந்தக் கையைப் பார்த்தால் எங்கள் ஒர்க்‌ஷாப் ஃபிட்டருக்குப் பொறாமை வரும்.

மத்தியானத்துக்கு மேல் தோட்டம் அமைக்கும் போட்டி. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு அறை அளவுக்கு நிலம். கயிறு கட்டி, மட்டம் பார்த்து, பாத்தி பிரித்து, கல் பதித்து, புல் விரித்து, தொட்டியிலிருந்து செடியை இறக்கி வைத்து, சாயங்காலத்துக்குள் முடிக்க வேண்டும். உலக அளவில் நடக்கிற வேர்ல்ட் ஸ்கில்ஸ் போட்டியிலும் தோட்ட அமைப்பு ஒரு பிரிவு. அங்கே இரண்டிரண்டு பேர் கொண்ட அணி, நாலு நாள் வேலை. மட்டம் ஒரு நூல் பிசகினாலும் மார்க் குறையும். நம் ஊர்ப் பிள்ளைகளும் அப்படித்தான் உழைத்தார்கள். வெயிலில் முகம் கறுத்து, நகத்தில் மண்ணோடு நின்று, நடுவர் டேப்பைப் பிடித்து அளக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பரிசு வாங்கிய அணி குதித்த குதிப்பு இன்னும் கண்ணில் இருக்கிறது.

நம் நாட்டில் இந்த மாதிரிப் போட்டிகளுக்கு நீண்ட பாரம்பரியம் உண்டு. சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835-இல் தொடங்கியது. நம் கல்லூரியைவிட இரண்டு வயசு மூத்தது. ஊட்டி மலர்க்கண்காட்சி 1896-இலிருந்து நடக்கிறது. சென்னையிலும் 2022 முதல் தோட்டக்கலைத் துறை மலர்க்கண்காட்சி நடத்தத் தொடங்கியது. போட்டி இருந்தால்தான் கைத்திறன் வளரும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அதுவும் காலையில் பார்த்த அடையாளம் காணும் போட்டி இருக்கிறதே, அதுதான் பார்ன்ஸ் மலையில் செய்த வேலை. பெயர் தெரியாத ஒன்றைக் கையில் எடுத்து, கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பெயருக்கு வந்து சேருவது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நாளைக்கு ஒரு செடிக்குப் பெயர் வைப்பாள்.

ஆனால் மறுநாள் பம்பைக் கழற்றி எடுத்துவரப் போனபோது அந்தத் தோட்டங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். புல்லைச் சுருட்டியாயிற்று, கல்லை அடுக்கியாயிற்று, செடிகள் தொட்டிக்குத் திரும்பிவிட்டன. போட்டி என்றால் அப்படித்தான். யாரையும் குறை சொல்ல முடியாது. நடுவர் அன்றைக்கே மார்க் போட வேண்டும். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் மார்க் போட முடியும். வேர் எவ்வளவு ஆழம் போகும், பத்து வருஷம் கழித்து இந்தச் செடியின் நிழல் அந்தச் செடியின் மேல் விழுமா, புயல் வந்தால் நிற்குமா என்பதற்கு எந்த மார்க் ஷீட்டிலும் கட்டம் இல்லை.

அன்றைக்கு நடுவர் நம் பார்ன்ஸின் நிலத்தை 1941-இல் வந்து பார்த்திருந்தால் என்ன மார்க் கொடுத்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். சரளைக் காடு, நடுவில் குச்சி குச்சியாகக் கன்றுகள், சுற்றிலும் முள்புதர். பாஸ் மார்க்கே சந்தேகம்தான். அந்தத் தோட்டத்துக்கு உண்மையான நடுவர்கள் நாம். நாற்பது வருஷம், அறுபது வருஷம், எண்பது வருஷம் கழித்து வந்து நிழலில் நடந்தவர்கள்.

பார்ன்ஸுக்குப் பின்னும் நல்ல காலமாக அந்த மரபு அறுந்துபோகவில்லை. நம் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோன்மணியை மூத்த பேட்ச்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1932-இல் பிறந்து 1988-இல் மறைந்தவர். கணக்குக்காரர். ஆனால் பறவை, மரம், கோலம், பழைய தமிழ் எழுத்து என்று அவர் தொடாத இடமில்லை. வேதியியல்காரர் ஒருவர், கணக்குக்காரர் ஒருவர். தன் பாடத்துக்கு வெளியே போய்ப் பார்த்தவர்களால்தான் இந்த வளாகத்தின் செடியும் பறவையும் நமக்குத் தெரிந்தவை ஆயின. மாணவர்களின் ஸ்க்ரப் சொசைட்டி என்ற பெயரைக் கவனியுங்கள். தோட்டத்தின் பெயரை வைத்துக்கொள்ளாமல் புதரின் பெயரை வைத்துக்கொண்ட சங்கம் அது.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து வைத்தது சரியா என்று இப்போது கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது சென்னை முழுக்க, தாம்பரம், வண்டலூர் பக்கமும், மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. குல்மோஹர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி என்று வெளியிலிருந்து வந்து வேகமாக வளர்ந்தவை நிறைய விழுந்தன. நம் புதர்க்காட்டின் காயாவும் காரையும் தலையைக் குனிந்துகொண்டு தப்பித்தன. வளர அறுபது வருஷம் எடுத்துக்கொள்கிற செடிக்கு வளையத் தெரிந்திருக்கிறது. பார்ன்ஸ் இன்றைக்கு இருந்தால் புதிய மரங்களைவிடப் பழைய புதரை அதிகம் நட்டிருப்பாரா? அது நமக்கான கேள்வி, அவருக்கானது இல்லை. அவர் காலத்தில் கையில் இருந்த அறிவைக்கொண்டு இரண்டையும் வைத்துக்கொண்டார். எது நிற்கிறது, எது விழுகிறது என்று எண்பது வருஷம் கழித்து நம்மால் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறதே, அதுவே அவர் இரண்டையும் விட்டுவைத்ததால்தான். லேபில் கன்ட்ரோல் வைக்காமல் பரிசோதனை செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர் அல்லவா.

இப்போது சங்கத்து நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு ரீயூனியனுக்கும் ஒவ்வொரு பேட்சும் ஏதாவது கொடுக்க ஆசைப்படுகிறோம். கிரானைட் பலகையில் பெயர் பொறிப்போமா, ரெடிமேட் புல்தரையும் பவுன்டனும் போடுவோமா என்று பேச்சு வருகிறது. பேச்சு வருவது நல்லதுதான். கையில் பணம் இருக்கிறது, மனசும் இருக்கிறது. ஆனால் பில்டிங் காண்ட்ராக்டில் இருக்கும் நம்மவர்களுக்கே தெரியும், ரெடிமேட் புல்தரைக்குத் தினம் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று. சித்திரையில் கிணறு இறங்கினதும் முதலில் காய்வது அதுதான். பணத்தைக் கொட்டி ஒரு நாள் போட்டியில் ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.

அதற்குப் பதிலாக நாமே ஒரு போட்டி வைக்கலாமே. மாணவர் அணி ஒவ்வொன்றுக்கும் வளாகத்தில் விழுந்த மரம் இருந்த இடத்தில் ஒரு சின்ன நிலம். அவர்கள் செய்ய வேண்டியது மூன்று. முதலில் அந்த நிலத்தில் ஏற்கெனவே என்னென்ன முளைத்திருக்கிறது என்று அடையாளம் கண்டு எழுதித் தர வேண்டும். அதற்கு மார்க். பிறகு நம் காட்டுச் செடிகளின் விதையைப் பொறுக்கி நர்சரியில் நாற்று விட வேண்டும். சூரையும் காயாவும் சாதாரண நர்சரிகளில் எளிதில் கிடைக்காது, முளைக்கவைப்பதே ஒரு திறமை. அதற்கு மார்க். மூன்றாவது, நடுவது. அதற்கு அன்றைக்கு மார்க் கிடையாது. ஐந்தாவது வருஷ ரீயூனியனில் பாதி, பத்தாவது வருஷ ரீயூனியனில் மீதி. நட்ட பிள்ளைகள் வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, கைக்குழந்தையோடு வந்து ரிசல்ட் பார்க்கட்டும். முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் செலவை நாம் ஏற்றுக்கொள்வோம். குழாய் வேலைக்கு நான் இருக்கிறேன், அதற்கு பில் போட மாட்டேன்.

பரிசுக்கு யார் பெயர் வைப்பது என்று கமிட்டியில் சண்டை வேண்டாம். பொறுமையில்லாதது என்று பெயர் வைத்த செடியின் பின்னால் பொறுமையாக மலை ஏறியவரும், அவரோடு ஏறியவரும் இருக்கிறார்கள். எட்வர்ட், ஆலிஸ் பார்ன்ஸ் பரிசு என்றே வைக்கலாம். பொதுக்குழுவில் இதை முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒரு கை தேவை.